ரோபோவுக்கு விசா வேண்டாம், மாணவர்களுக்கு வேணும்! உலக ரோபோட்டிக்ஸ் போட்டிக்கு ஒரு டீம் எப்படிப் போகுது?

பள்ளி மாணவர்கள் ரோபோ செஞ்சு வெளிநாட்டுப் போட்டிக்குப் போறாங்கன்னு அடிக்கடி செய்தி பார்க்கிறோம். கையில் தேசியக் கொடியோட ஏர்போர்ட்ல ஒரு போட்டோ, திரும்பி வந்தா மாலையோட இன்னொரு போட்டோ. இந்த ரெண்டு போட்டோவுக்கும் நடுவுல என்ன நடக்குது? திருத்தணி மாதிரி ஊர்ல படிக்கிற ஒரு மாணவி அங்கே வரை போகணும்னா எந்தெந்தக் கதவைத் தட்டணும்? பார்ப்போம்.

(தமிழ்ல 'எந்திரன்'னு எழுதலாம்தான். ஆனா எழுதினா எல்லாருக்கும் ரஜினிதான் ஞாபகம் வர்றார். அதனால ரோபோன்னே வெச்சுக்குவோம்.)

2017: வாஷிங்டனில் என்ன நடந்தது?

'ஃபர்ஸ்ட் குளோபல் சேலஞ்ச்' என்ற போட்டி முதல் முறையா 2017 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டனில் நடந்தது. 14 முதல் 18 வயது வரை உள்ள மாணவர்களுக்கானது. நாட்டுக்கு ஒரு டீம், எல்லாருக்கும் ஒரே மாதிரி பாகங்கள் உள்ள பெட்டி. பணக்கார நாடு, ஏழை நாடு வித்தியாசம் தெரியக்கூடாது என்பதுதான் ஐடியா. 150-க்கும் அதிகமான நாடுகள் வந்தன.

அந்த வருஷத்து சவால் தண்ணீர். நீல நிறப் பந்து நல்ல தண்ணீர், ஆரஞ்சுப் பந்து கெட்ட தண்ணீர். ரோபோ ரெண்டையும் பிரிச்சு எடுக்கணும். ஒரு ஆட்டம் ரெண்டரை நிமிஷம்தான். மூணு நாட்டு டீம்கள் ஒரே அணியா சேர்ந்து விளையாடணும். முன்பின் தெரியாத நாட்டுக்காரங்களோட அங்கேயே பேசித் திட்டம் போடணும்.

இந்தியா சார்பில் மும்பையைச் சேர்ந்த 7 மாணவர்கள் போனாங்க. பொறியியல் வடிவமைப்புக்கான 'சாங் ஹெங்' விருதில் தங்கம் அவங்களுக்குத்தான். சாங் ஹெங் யாருன்னு கேட்டா, சுமார் 1,900 வருஷத்துக்கு முன்னாடி நிலநடுக்கத்தைக் கண்டுபிடிக்கக் கருவி செஞ்ச சீன அறிஞர்.

ஆனா அந்த வருஷம் உலகமே பேசினது ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரத்து 6 மாணவிகளைப் பற்றி. அவங்களுக்குப் பாகங்கள் வந்து சேரவே பல மாதம் தாமதம். விசா நேர்காணலுக்காகத் தலைநகர் காபூலுக்குப் போகணும். சுமார் 800 கிலோமீட்டர், ஏறக்குறைய திருத்தணியிலிருந்து கன்னியாகுமரி போற தூரம், அதுவும் பாதுகாப்பில்லாத நாட்டுக்குள்ளே. போனாங்க, விசா மறுக்கப்பட்டது. மறுபடியும் போனாங்க. மறுபடியும் மறுப்பு.

இதுல வேடிக்கை என்னன்னா, ரோபோ அமெரிக்காவுக்குப் போகலாம். அதைச் செஞ்ச பொண்ணுங்க போகக்கூடாது. வீட்டிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கோங்கன்னு நிலைமை. செய்தி பரவி, கண்டனம் கிளம்பி, கடைசியில் அப்போதைய அதிபர் டிரம்ப் தலையிட்டார். போட்டி தொடங்க சில நாளே இருக்கும்போது சிறப்பு அனுமதி கிடைச்சது. துணிச்சலான சாதனைக்கான பிரிவில் வெள்ளிப் பதக்கத்தோட திரும்பினாங்க. காம்பியா நாட்டு டீமுக்கும் முதலில் விசா மறுத்து, பிறகுதான் கொடுத்தாங்க.

விசா ஏன் மறுக்கப்படுது?

காரணம் ரோபோ இல்லை. சுற்றுலா, போட்டி மாதிரி குறுகிய காலப் பயணத்துக்கு விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரையும் 'அங்கேயே தங்கிடுவார்' என்று வெச்சுத்தான் அமெரிக்கச் சட்டம் பார்க்குது. இல்லை, திரும்பி வந்துடுவேன்னு நிரூபிக்க வேண்டியது விண்ணப்பதாரர் பொறுப்பு. வேலை, சொத்து, குடும்பம் என்று காட்டலாம். பதினஞ்சு வயசுப் பிள்ளை எந்தச் சொத்தைக் காட்டும்? அதனால பள்ளியின் கடிதம், போட்டி நடத்துபவர்களின் அழைப்பு, பெற்றோரின் வருமானச் சான்று எல்லாம் இங்கே முக்கியமாகுது. விண்ணப்பக் கட்டணம் 2023 முதல் 185 டாலர். மறுத்தாலும் அது திரும்பி வராது.

அதுக்கும் முன்னாடி பாஸ்போர்ட் வேணும். 18 வயசுக்குக் கீழே இருந்தா அப்பா, அம்மா ரெண்டு பேரின் சம்மதக் கையெழுத்தும் தேவை. திருத்தணி, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கம் தறி ஓட்டுற குடும்பங்கள் நிறைய. வீட்டிலேயே முதல் பாஸ்போர்ட் அந்தப் பிள்ளையோடதா இருக்கலாம். தேசியப் போட்டியில் ஜெயிச்ச பிறகு விண்ணப்பிக்கலாம்னு இருந்தா நாள் பத்தாமல் போகலாம். டீம் சேர்ந்த அன்னைக்கே விண்ணப்பிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ரோபோவை எப்படிக் கொண்டு போறது?

பெரும்பாலும் கழட்டித்தான். சிக்கல் பேட்டரியில. லித்தியம் பேட்டரியின் ஆற்றலை வாட்-ஹவர் கணக்கில் பார்ப்பாங்க. வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினா அது கிடைக்கும். 100 வரை பிரச்சனை இல்லை. 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேணும். அதுக்கு மேல பயணி கொண்டு போகவே முடியாது. தனியா இருக்கிற லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்கணும், செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது.

பெரிய ரோபோக்களுக்குப் பயன்படுற 12 வோல்ட், 18 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியைக் கணக்குப் போட்டுப் பாருங்க: 216 வாட்-ஹவர். இந்த வகைக்கு வரம்பு 100தான். பயணியா விமானத்துல எடுத்துட்டுப் போக முடியாது, அங்கே போய்த்தான் ஏற்பாடு செய்யணும். சின்ன கிட் ரோபோக்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

இன்னொன்று, விலை அதிகமான கருவிகளைக் கொண்டு போனா கிளம்பும்போதே சுங்கத்துறையிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிடணும். இல்லைன்னா திரும்பி வரும்போது 'இதை எங்கே வாங்கினே?' என்ற கேள்வி வரும்.

எந்தப் போட்டிக்கு யார் போகலாம்?

உலக ரோபோ ஒலிம்பியாட் 2004-ல் சிங்கப்பூரில் தொடங்கினது. 2016-ல் டெல்லியில் நடந்தது, 2024-ல் துருக்கியின் இஸ்மிரில், 2025-ல் மறுபடியும் சிங்கப்பூரில். டீமுக்கு 2 அல்லது 3 பேர் போதும். இதோட முக்கியப் பிரிவில் ரோபோவைப் பிரிச்சு வெச்ச பாகங்களா கொண்டு வந்து, போட்டி அன்னைக்கு அங்கேயே பூட்டணும். காலையில் திடீர்னு ஒரு புது விதியும் சொல்வாங்க. பயிற்சியாளர் உதவ முடியாது. யாரோ செஞ்சு கொடுத்ததைத் தூக்கிட்டு வர்ற வேலை இங்கே நடக்காது.

'ஃபர்ஸ்ட் லெகோ லீக்' போட்டியில் ரோபோ ஓடினா மட்டும் போதாது. ஒரு நிஜப் பிரச்சனைக்குத் தீர்வு கண்டுபிடிச்சு நடுவர்களிடம் விளக்கணும், டீமா எப்படி வேலை செஞ்சீங்க என்பதற்கும் மதிப்பெண் உண்டு. இதை நடத்துற ஃபர்ஸ்ட் அமைப்பை 1989-ல் டீன் கேமன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் தொடங்கினார். கல்லூரி மாணவர்களுக்கு 'ரோபோகான்' இருக்கு, தேசிய அளவில் ஜெயிக்கிற டீம் ஆசிய-பசிபிக் போட்டிக்குப் போகும்.

பணம்? கிட் மட்டுமே பத்தாயிரக்கணக்கில் ஆகும். டிக்கெட், தங்குமிடம் தனி. தனியார் பள்ளி டீம்கள் அதிகமா தெரியறதுக்குத் திறமையைவிட இதுதான் பெரிய காரணம்னு தோணுது.

அரசுப் பள்ளிகளுக்கு என்ன வழி?

நிதி ஆயோக்கின் 'அடல் டிங்கரிங் லேப்' திட்டம் 2016-ல் வந்தது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை உள்ள பள்ளிகள் விண்ணப்பிக்கலாம். தேர்வான பள்ளிக்கு ரூ.20 லட்சம் வரை மானியம்: பாதி ஆய்வகம் அமைக்க, மீதி 5 வருஷம் நடத்த. இதுவரை சுமார் 10,000 பள்ளிகளில் இருக்கு. அடுத்த 5 வருஷத்தில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 அமைப்போம்னு 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவிச்சாங்க. 6 முதல் 8-ம் வகுப்புக்குத் தமிழக அரசு 2022-ல் தொடங்கின 'வானவில் மன்றம்' இருக்கு. அது போட்டிக்கான பயிற்சி இல்லை, ஆனா கையால் செஞ்சு பார்க்கிற பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

உங்க பிள்ளை படிக்கிற பள்ளியில் டிங்கரிங் லேப் இருக்கான்னு தலைமை ஆசிரியரிடம் கேளுங்க. இருந்தா, அந்த அறை வாரத்துக்கு எத்தனை நாள் திறக்குதுன்னும் சேர்த்துக் கேளுங்க.