சம்பாரண் மாவட்டம்: நிலமும் நீலமும் குடிகளும்

பிகாரின் வடமேற்கு மூலையில் நேபாள எல்லையையொட்டிக் கிடக்கும் சம்பாரண், பெரும்பாலும் 1917ஆம் ஆண்டோடு இணைத்தே பேசப்படுகிறது. காந்தி அங்கு சென்றார், அவுரிப் பயிர்ச்செய்கையின் கொடுமை ஒழிந்தது என்பதே பாடநூல்கள் கூறும் வரலாறு. இது பொய்யன்று. ஆயினும் அம்மாவட்டத்தின் நிலவுடைமையையும் குடித்தொகையையும் சேர்த்து நோக்குமிடத்து, இது பாதி வரலாறே என்பது எமது கருத்து.

வடக்கே சோமேசுவரக் குன்றுகளும் அவற்றின் அடியில் தராய்க் காடுகளும் உள்ளன. காட்டைத் திருத்தி நெல் விளைத்த தாரு மக்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். தெற்கே கண்டகி ஆற்றின் வண்டற் சமவெளி. லௌரியா நந்தன்கட்டில் நிற்கும் அசோகன் தூண் இப்பகுதியின் தொன்மைக்குச் சான்று.

இவ்வளமான மண்ணின் பெரும்பகுதி பேத்தியா ஜமீனுக்கு உரியதாயிருந்தது. கடனில் மூழ்கிய ஜமீன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிராமங்களை ஐரோப்பியத் துரைமாருக்குக் குத்தகைக்கு விட்டது. துரைமாரின் அதிகாரம் நிலவுரிமையிலிருந்து பிறந்ததன்று. வாரம் தண்டும் உரிமையிலிருந்து பிறந்தது. ஏகாதிபத்திய மூலதனம் நிலப்பிரபுத்துவத்தை அழிக்காது, அதன் தோளிலேறிச் சவாரி செய்தமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. இருபது கட்டா கொண்ட ஒரு பிகா நிலத்தில் மூன்று கட்டாவில் அவுரி விளைத்தே தீரவேண்டும் என்ற ‘தீன்கட்டியா’ முறை இவ்வாறு நிலைபெற்றது. வங்காளத்து அவுரிக் குடிகளின் துயருக்கு 1860இல் தீனபந்து மித்திரரின் ‘நீல் தர்ப்பண்’ என்னும் நாடகம் கிடைத்தது. சம்பாரண் குடிகளுக்கு அத்தகையதொரு நாடகம் வாய்க்கவில்லை.

1897இல் ஜேர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும் அவுரியின் விலை சரிந்தது. துரைமார் அந்நட்டத்தைக் குடிகளின் தலையிலேயே ஏற்றினர். 1885ஆம் ஆண்டின் வங்காளக் குத்தகைச் சட்டம் வார உயர்வை ரூபாவுக்கு இரண்டு அணாவாக மட்டுப்படுத்தியிருந்தது. ஆனால் தனிப்பயிர் விளைக்கும் கடப்பாட்டிலிருந்து குடியை விடுவித்தால் அவ்வரம்பை மீறலாம் என்றொரு விதிவிலக்கும் அதிலிருந்தது. இலாபமற்றுப்போன பயிரிலிருந்து ‘விடுதலை’ அளித்து, அதற்கு ஈடாக வாரத்தை நிரந்தரமாக உயர்த்தினர். இதுவே ‘சரஹ்பேஷி’. தற்காலிகக் குத்தகைக் கிராமங்களில் ‘தாவான்’ என்ற பெயரில் மொத்தத் தொகை பெறப்பட்டது. சட்டத்தின் துணையோடு நடந்த இச்சூறையாடலை அவுரிக் கொடுமையினும் கொடியதாக நாம் கருதுகிறோம்.

ராஜ்குமார் சுக்லாவின் விடாப்பிடியான வேண்டுகோளை ஏற்றுக் காந்தி 1917 ஏப்ரலில் மோத்திஹாரி வந்தார். அவரும் உறுப்பினராயிருந்த விசாரணைக் குழுவின் பயனாக எழுந்த 1918ஆம் ஆண்டுச் சட்டம் தீன்கட்டியாவை ஒழித்தது. தாவானில் கால்பங்கு திருப்பியளிக்கப்படுவதென முடிவாயிற்று. சரஹ்பேஷி உயர்வோ நூற்றுக்கு இருபது முதல் இருபத்தாறு வரையே குறைக்கப்பட்டது. கடப்பாடே செல்லாதென்று ஆனபின்னும், அதிலிருந்து விடுபடுவதற்கென ஏற்ற வாரத்தின் பெரும்பகுதியைக் குடிகள் தொடர்ந்து இறுக்கவேண்டியிருந்தது. இங்கு காந்தியின் துணிவைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. இணக்கம் யாருக்கிடையே ஏற்பட்டது என்பதே வினா. அது துரைமாருக்கும் குத்தகைக் குடிகளுக்கும் இடையில் ஏற்பட்டது. நிலமற்ற கூலியாள் அதில் ஒரு தரப்பாகவே இருக்கவில்லை.

குடித்தொகைக் கணக்கு இதனை மேலும் துலக்கும். 1901இல் ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் இங்கு வாழ்ந்தனர். 1970களின் தொடக்கத்தில் மாவட்டம் கிழக்கு, மேற்கு என இரண்டாயிற்று. 2011இல் இரண்டிலும் சேர்ந்து 90 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். பரப்போ பெரிதும் மாறவில்லை. மக்களில் பத்துப்பேருக்கு ஒன்பதுபேர் கிராமத்தவர். நெல், கோதுமை, கரும்பு விளையும் இம்மண்ணைவிட்டு இளைஞர் டில்லிக்கும் பஞ்சாப்புக்கும் கூலிக்குச் செல்வதை மண்ணின் வறுமை கொண்டு விளக்க முடியாது.

1950ஆம் ஆண்டின் பிகார் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஜமீன்முறையை ஒழித்தது. எனினும் 1897இல் அரசின் காப்பாட்சிக்கு உட்பட்ட பேத்தியா எஸ்டேட்டின் நிலங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் அவ்வாறே எஞ்சிக்கிடந்தது. அவற்றை அரசுடைமையாக்கும் சட்டம் 2024இலேயே பிகார் சட்டமன்றத்தில் நிறைவேறியது.