பண்டோரா திறந்தது பெட்டியே இல்லை!

கிரேக்கப் புராணம் என்று வகுப்பில் ஆரம்பித்தாலே முதலில் வருவது பண்டோரா கதைதான். கடவுளர்கள் ஒரு பெட்டியைக் கொடுத்து "திறக்காதே" என்றார்களாம். அவள் ஆர்வம் தாங்காமல் திறந்தாளாம். நோயும் துன்பமும் வெளியே பறந்துவிட, நம்பிக்கை மட்டும் உள்ளே மிஞ்சியதாம். நீதி: தேவையில்லாத ஆர்வம் ஆபத்து. முடிந்தது பாடம்!

ஆனால் நமக்குக் கிடைத்திருப்பதில் மிகப் பழைய பண்டோரா கதை வேறு மாதிரி இருக்கிறது. கி.மு. 700 வாக்கில் ஹெசியோட் என்ற கவிஞர் எழுதியது. பொயோட்டியா பகுதியில் அஸ்க்ரா என்ற கிராமத்துக்காரர். சொத்துத் தகராறு செய்த சகோதரன் பெர்சஸுக்குப் புத்தி சொல்வதாக அமைந்த 'வேலைகளும் நாட்களும்' என்ற நூலில்தான் இந்தக் கதை வருகிறது. மனிதன் ஏன் இப்படி மாடாய் உழைக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்விக்கு அவர் தரும் பதில் இது.

அதில் பெட்டி கிடையாது. இருப்பது 'பித்தோஸ்'. தானியம், எண்ணெய், திராட்சை மது எல்லாம் சேமித்து வைக்கும் பெரிய மண் தாழி (நம் ஊர் குதிரை நினைத்துக் கொள்ளுங்கள்). அதைவிட முக்கியமான விஷயம், "திறக்காதே" என்று யாரும் அவளிடம் சொல்வதே இல்லை. ஆர்வம் என்ற பேச்சும் இல்லை. எச்சரிக்கப்பட்டவன் எபிமெத்தியஸ்தான். ஜீயஸ் எந்தப் பரிசு கொடுத்தாலும் வாங்காதே என்று அண்ணன் புரோமிதியஸ் சொல்லியிருந்தும் வாங்கிக் கொண்டான். பழி மட்டும் அவள் தலையில்!

இதனால் ஹெசியோட் பெண்களுக்குப் பரிந்து பேசினார் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய 'தியோகொனி'யில் தாழிகூட இல்லை. நெருப்பைத் திருடியதற்குப் பதிலடியாக ஜீயஸ் செய்யச் சொன்ன அந்தப் பெயரில்லாத பெண்ணே மனிதர்களுக்குத் தண்டனை. வகுப்பில் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

அப்படியானால் பெட்டி எப்படி வந்தது? 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் இந்தக் கதையை லத்தீனில் சொன்னபோது 'பித்தோஸ்' இருந்த இடத்தில் 'பிக்ஸிஸ்' என்று எழுதினார். அதற்குச் சிறு பெட்டி என்று பொருள். இந்த மாற்றத்தின் வரலாற்றைப் பனோஃப்ஸ்கி தம்பதியர் 1956இல் ஒரு தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்கள். பிறகு 1851இல் ஹாதோர்ன் சிறுவர்களுக்காக எழுதியபோது பண்டோராவை ஒரு குறுகுறுப்பான சிறுமியாக்கிவிட்டார். வகுப்பறைக் கதை ஹெசியோடைவிட இவருக்குத்தான் நெருக்கம்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதீனாவும் ஹெஃபைஸ்டஸும் ஒரு பெண்ணை அலங்கரிக்கிறார்கள். பார்த்தால் பண்டோராதான். ஆனால் அவள் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் 'அனேசிடோரா', அதாவது பரிசுகளை மேலே அனுப்புபவள். விளைச்சல் தரும் பூமித்தாய்க்குப் பொருந்தும் பெயர் அல்லவா? பண்டோரா முதலில் ஒரு பூமித் தெய்வமாக இருந்திருக்கலாம் என்று ஜேன் ஹாரிசன் போன்றவர்கள் வாதிட்டார்கள். இதை உறுதியாக நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்தக் கிண்ணத்தின் படத்தைக் காட்டிவிட்டுக் கதையைச் சொன்னால், "எது சரியான கதை?" என்று மாணவர்களே கேட்பார்கள்.

எனக்குப் பிடித்த இடம் கடைசியில் வருகிறது. தாழியில் மிஞ்சியது 'எல்பிஸ்'. நம்பிக்கை என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் கிரேக்கத்தில் அது வெறும் எதிர்பார்ப்பையும் குறிக்கும், நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. துன்பங்கள் வெளியே வந்ததால்தான் நம்மைத் தாக்குகின்றன என்றால், உள்ளே அடைபட்ட எல்பிஸ் நமக்குக் கிடைக்கவில்லை என்றுதானே ஆகிறது? இல்லை, தாழி வீட்டுக்குள் இருக்கும் சேமிப்பு, அதனால் நமக்காகவே பத்திரமாக இருக்கிறது என்பதா? அது சரி, கெட்டவை நிறைந்த தாழிக்குள் நல்லது ஒன்றுக்கு என்ன வேலை? ஹெசியோடே அதே நூலில் வேறோர் இடத்தில், சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வெறும் எல்பிஸை நம்பிச் சோம்பி உட்கார்ந்திருப்பவனைக் கண்டிக்கிறார்!

அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக் கொண்டிருக்கும் கேள்வி இது. இதைப் போய் "மிஞ்சியது எது?" என்று ஒரு மார்க் கேள்வியாக்கினால் எப்படி? "மிஞ்சியது நல்லதா, கெட்டதா? ஏன்?" என்று கேட்டுவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். திருத்துவது ஆசிரியருக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.