கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்க முடிந்த கதை

ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். மேசைக் கணினியின் கேபினட்டைத் திறந்து ரேம், ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, தூசி தட்டி, மறுபடியும் மாட்டிவிடலாம். டிவியையோ மொபைல் போனையோ சாதாரண ஆள் யாரும் இப்படிக் கழற்றி மாட்டுவதில்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் இது எப்படி வாய்த்தது? தானாக வந்ததல்ல. சில நிறுவனங்களின் முடிவுகள், அவற்றோடு மோதிய போட்டியாளர்கள், தப்பாக மாட்டியதால் எரிந்துபோன மதர்போர்டுகள் என்று அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால், பெட்டியைத் திறக்கும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதும் தானே புரிந்துவிடும்.

பற்றவைத்த காலம்

1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்க இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி வந்தது. அதை உதிரி பாகங்களாகவே வாங்கலாம். வாங்கியவர் சால்டரிங் அயர்ன் வைத்துப் பாகங்களை ஒவ்வொன்றாகப் பற்றவைக்க வேண்டும். ஓரிடத்தில் ஈயம் சரியாக ஒட்டாவிட்டாலும் இயந்திரம் ஓடாது. கழற்றுவது என்றால் பற்றவைத்ததைப் பெயர்த்து எடுப்பதுதான். அதாவது எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது சாத்தியம்.

1977-இல் வந்த ஆப்பிள் 2 இதை மாற்றியது. அதன் மூடியைக் கையாலேயே தூக்கிவிடலாம். உள்ளே எட்டு ஸ்லாட்டுகள் இருந்தன. கார்டைச் செருகினால் போதும், பற்றவைக்க வேண்டியதில்லை.

ஐபிஎம் திறந்து வைத்த கதவு

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. ஆரம்ப விலை 1,565 டாலர். புளோரிடாவின் போகா ரேட்டன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சிறிய குழு, சுமார் ஓராண்டில் அதை உருவாக்கியது. ஐபிஎம் வழக்கமாக எல்லாவற்றையும் தானே தயாரிக்கும் நிறுவனம். ஆனால் இந்த முறை அதற்கு நேரம் இல்லை. எனவே பிராசஸரை இன்டெலிடமிருந்தும், டாஸ் மென்பொருளை மைக்ரோசாப்டிடமிருந்தும், மற்ற பல பாகங்களை வெளிச் சந்தையிலிருந்தும் வாங்கியது.

அதைவிட முக்கியமான இன்னொரு காரியத்தையும் செய்தது. உள்ளே இருந்த ஐந்து ஸ்லாட்டுகளுக்கு மற்றவர்களும் கார்டு தயாரிக்க வேண்டும் என்பதற்காக, மின்சுற்று வரைபடங்களையும் பயாஸ் நிரலையும் ஒரு தொழில்நுட்பக் கையேட்டில் அச்சடித்து விற்றது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தயாரித்தவரே வெளியே சொல்லிவிட்டார்!

ஆப்பிள் 1984-இல் இதற்கு நேர் எதிரான வழியில் போனது. அந்த ஆண்டு வந்த மேக்கின்டோஷில் ஸ்லாட்டே கிடையாது. பெட்டியைத் திறக்க டார்க்ஸ் என்ற வகை ஸ்க்ரூ டிரைவர், அதுவும் நீளமானது, தேவைப்பட்டது. மானிட்டரின் பிக்சர் டியூப் அதே பெட்டிக்குள் இருந்ததால் உள்ளே உயர் மின்னழுத்த ஆபத்தும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதை உருவாக்கியவர்களின் கையெழுத்துகள் பெட்டியின் உட்புறத்தில் பதிக்கப்பட்டிருந்தன. வாங்கியவர் திறக்கக்கூடாத இடத்தில்!

காப்பி அடித்ததால் வந்த நன்மை

ஐபிஎம் பெட்டியில் மற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதது பயாஸ் மட்டுமே. அதற்குக் காப்புரிமை இருந்தது. காம்பாக் நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு குழு ஐபிஎம் பயாஸைப் படித்து, அது என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்த நிரலைப் பார்த்தே இராத இன்னொரு குழு, அதே வேலைகளைச் செய்யும் புதிய நிரலை எழுதியது. 1982 நவம்பரில் காம்பாக் தன் கணினியை அறிவித்தது. 1983-இல் மட்டும் 11.1 கோடி டாலருக்கு விற்பனை. 1984-இல் பீனிக்ஸ் நிறுவனம் இதே முறையில் பயாஸ் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்க ஆரம்பித்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் ஐபிஎம் வகைக் கணினி தயாரிக்கலாம் என்றாகிவிட்டது.

இதன் பொருளாதார விளைவு பெரிது. ஒரு நிறுவனத்தின் கார்டு இன்னொரு நிறுவனத்தின் போர்டில் பொருந்தியது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனிச் சந்தை, தனிப் போட்டி, தனி விலை வந்தது. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் இத்தனை பேரின் பாகங்களைச் சாதாரண ஆட்கள் இணைக்கத் தொடங்கியபோது வேறொரு பிரச்சினை வந்தது. தப்பாக இணைத்தால் என்ன ஆகும்?

கருப்பும் கருப்பும் சேர வேண்டும்

1984-இல் வந்த ஐபிஎம் ஏடி வகைப் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு தனித்தனி கனெக்டர்கள் போகும். பெயர் பி8, பி9. இரண்டும் ஆறு ஆறு ஒயர்கள் கொண்டவை, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இடம் மாற்றி மாட்டினால் கிரவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் 5 வோல்ட் வந்துவிடும். ஸ்விட்சைப் போட்டதும் போர்டு காலி. அதனால் கம்ப்யூட்டர் மெக்கானிக்குகள் எல்லோரும் ஒரு விதியை மனப்பாடம் செய்தார்கள்: இரண்டு கனெக்டரின் கருப்பு ஒயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும்.

இன்னோர் ஆபத்து மனிதருக்கே இருந்தது. அந்தக் காலத்துப் பல கேபினட்டுகளில் முன்பக்க ஸ்விட்சுக்கு வீட்டு மின்சாரமே நேராக வரும். இந்தியாவில் என்றால் 230 வோல்ட். ஒயர் பிய்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரம் இரண்டையும் தீர்த்தது. இரண்டு கனெக்டர்களுக்குப் பதில் 20 பின் கொண்ட ஒரே கனெக்டர். துளைகளின் வடிவம் வேறுவேறாக இருப்பதால் தலைகீழாக நுழையாது. முன்பக்க பட்டனில் சிறிய மின்னழுத்தம் மட்டுமே. ஆனால் ஒரு புதிய எச்சரிக்கையும் கூடவே வந்தது. ஏடிஎக்ஸ் கணினியை ஷட் டவுன் செய்த பிறகும் மதர்போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது ரேமைப் பிடுங்கினால் ரேமோ போர்டோ போய்விடலாம். ஷட் டவுன் செய்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும் என்பது இதனால்தான்.

தரத்தை மீறியபோது என்ன ஆனது என்பதற்கும் உதாரணம் உண்டு. 1990களின் கடைசியில் டெல் தன் சில மாடல்களில் ஏடிஎக்ஸ் கனெக்டரையே வைத்துவிட்டு, உள்ளே ஒயர்களின் வரிசையை மட்டும் மாற்றியது. கனெக்டர் பொருந்துகிறதே என்று கடையில் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸை அதில் மாட்டினால் பாகங்கள் எரிந்துவிடும் நிலை.

மற்ற பாகங்களும் இப்படித்தான் படிப்படியாகத் திருந்தின. ரேமில் ஒரு வெட்டு வந்தது. டிடிஆர் வகைகளில் ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்த வெட்டு இடம் மாறும், அதனால் தவறான வகை உட்காராது. ஒரே மாதிரி இருந்த கீபோர்டு, மவுஸ் துளைகளுக்கு ஊதா, பச்சை நிறங்கள் வந்தன. 2003-இல் வந்த சாட்டா கேபிளின் முனை 'எல்' வடிவம். அழுத்தி நுழைக்க வேண்டியிருக்கிறது என்றால் தப்பாக மாட்டுகிறோம் என்று அர்த்தம்.

கண்ணுக்குத் தெரியாத எதிரிகள்

கனெக்டரின் வடிவத்தால் தடுக்க முடியாத ஆபத்துகளும் உண்டு. ஒன்று, உடலில் சேரும் நிலைமின்சாரம். சுமார் 3,000 வோல்ட் இருந்தால்தான் மனிதருக்குச் சுரீர் என்று தெரியும். சில சிப்புகள் சில நூறு வோல்ட்டிலேயே பாழாகிவிடும். எனவே தொடும் முன் உலோகக் கேபினட்டை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும், கார்டை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் பட்டையில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். தவறி மின்சாரம் பட்டாலும் ஆளைக் காப்பதற்காக அது. பழைய கையேடுகள் சில, கிரவுண்டு கிடைக்கட்டும் என்று பிளக்கை மாட்டியே வைக்கச் சொல்லின. ஏடிஎக்ஸ் வந்த பிறகு அது ஆபத்தான ஆலோசனை. எர்த் சரியில்லாத வீட்டில் அதனால் பயனும் இல்லை.

இரண்டாவது வெப்பம். 2001-இல் 'டாம்ஸ் ஹார்ட்வேர்' இணையதளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருந்த ஏஎம்டி அத்லான் பிராசஸரின் ஹீட் சிங்க்கை எடுத்ததும் அது புகைந்து செத்தது. இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. இன்றைய பிராசஸர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். ஆனாலும் ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிது தடவித்தான் மாட்ட வேண்டும்.

மூன்றாவது எஸ்எம்பிஎஸ். அதன் கெபாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கியிருக்கும். முழுப் பெட்டியில் திறக்கவே கூடாத பெட்டி அது ஒன்றுதான்.

ரிச்சி தெரு வரை

இந்தியாவில் 1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. 1991-இன் தாராளமயம் அதை வேகப்படுத்தியது. 1997-இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா சேர்ந்த பிறகு சுங்கவரியும் படிப்படியாகக் குறைந்தது. பலன் டில்லியின் நேரு பிளேஸிலும், மும்பையின் லேமிங்டன் ரோடிலும், சென்னையில் அண்ணா சாலைக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெருவிலும் தெரிந்தது. ரேடியோ உதிரி பாகங்கள் விற்ற ரிச்சி தெரு, கம்ப்யூட்டர் பாகங்களின் தெருவானது. பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கின. மதர்போர்டு ஒரு கடை, மானிட்டர் ஒரு கடை என்று விலை விசாரித்து வாங்க முடிந்ததற்குக் காரணம், 1981-இன் அந்தக் கையேடும் 1995-இன் அந்தத் தரமும்தான்.

மூடிக்கொள்ளும் பெட்டிகள்

இன்று காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. பல லேப்டாப்புகளில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்படுகிறது, பேட்டரி பசை போட்டு ஒட்டப்படுகிறது. ஆல்டேர் காலத்துப் பற்றவைப்பு வேறு வடிவில் திரும்பிவிட்டது. ஒரு பாகம் கெட்டால் முழு போர்டையும் மாற்ற வேண்டிய செலவு வாங்கியவர் தலையில் விழுகிறது. இதற்கு எதிராகப் பழுதுபார்க்கும் உரிமை கேட்கும் குரல்களும் எழுந்துள்ளன. இந்திய அரசு 2022-இல் அதற்கென ஓர் இணையதளம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டமே கொண்டுவந்தது.

மேசைக் கணினி மட்டும் இன்னும் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, எந்த ஒயர் எங்கே போகிறது என்று குறித்துக்கொண்டு, கழற்றிய வரிசைக்குத் தலைகீழ் வரிசையில் மாட்டினால் வேலை முடிந்தது. வீட்டில் பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தால், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடைக்காது.