மதுரையின் வாசனைத் தண்ணீர்: பாதிரிப்பூ முதல் பானகம் வரை

ஒரு கண்ணாடிக் குடுவை நிறையத் தண்ணீர். அதில் வட்ட வட்டமாக நறுக்கிய எலுமிச்சை, வெள்ளரி, நாலைந்து புதினா இலை. இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் 'இன்ஃப்யூஸ்டு வாட்டர்' ரெடி! வெயில் காலம் வந்துவிட்டால் இதன் பெருமையைச் சொல்லாத பத்திரிகை இல்லை. ஏதோ நேற்றுத்தான் வெளிநாட்டில் கண்டுபிடித்தது போல எழுதுகிறார்கள்.

தண்ணீரில் பூவையும் காயையும் வேரையும் ஊறப்போட்டுக் குடிக்கும் பழக்கம் நம் பக்கம் எவ்வளவு பழையது? மதுரையை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலே ஆச்சரியமாக இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒரு வித்தியாசமும் தெரிகிறது. இன்றைய குடுவைத் தண்ணீர் நம் உடம்புக்காக நாமே செய்து நாமே குடிப்பது. பழைய வாசனைத் தண்ணீரில் ஒரு பெரிய பங்கு, முகம் தெரியாதவர்கள் குடிப்பதற்காகச் செய்யப்பட்டது.

நாலடியார் சொல்லும் பூத்தண்ணீர்

நாலடியாருக்கும் மதுரைக்கும் உள்ள தொடர்பு எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பஞ்சத்துக்குப் பிழைக்க வந்த சமண முனிவர்கள் பாண்டியனிடம் சொல்லாமல் ஊர் திரும்பும்போது ஆளுக்கொரு பாட்டை எழுதி வைத்துவிட்டுப் போனார்களாம். கோபத்தில் மன்னன் ஏடுகளை வைகையில் எறியச் சொல்ல, 400 ஏடுகள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து வந்தனவாம். கதை கதையாகவே இருக்கட்டும். நமக்கு வேண்டியது அந்த நூலில், 'கல்வி' என்ற அதிகாரத்தில் வரும் ஓர் உவமை.

படிக்காதவரும் படித்தவரோடு பழகினால் அறிவு பெறுவார் என்பது செய்தி. அதற்குச் சொன்ன உவமை என்ன தெரியுமா? புது மண்பானையில் பாதிரிப்பூவைப் போட்டு வைத்தால் பானை அந்த மணத்தை வாங்கிக்கொண்டு, பிறகு தன்னில் ஊற்றும் தண்ணீருக்கும் கொடுக்குமாம். பாதிரி வேனிற்காலத்தில் பூக்கும் மணமுள்ள மலர். கடலூர் பக்கத்துத் திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்ததும் இதே மரம்தான்.

உவமை என்றால் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். ஆகவே பூ மணம் ஏற்றிய தண்ணீர் அந்தக் காலத்தில் பலரும் அறிந்த சங்கதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கலங்கலும் உவர்ப்பும்

இதெல்லாம் வெறும் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். வைகை வருடம் முழுக்க ஓடும் ஆறு அல்ல. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி பெரும்பாலும் கண்மாயையும் கிணற்றையும் நம்பியிருந்தது. வெள்ளம் வந்தால் தண்ணீர் கலங்கும், கோடையில் சில கிணறுகள் உவர்க்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்படி ஆக்க வேண்டிய அவசியம் இருந்தது.

தேற்றாங்கொட்டை அதற்கு ஒரு வழி. தேற்றா மரத்துப் பழத்தின் விதையைப் பானையின் உள்பக்கத்தில் உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், கலங்கல் திரண்டு அடியில் படிந்து மேலே தெளியும். கலித்தொகையிலேயே இது உவமையாக வருகிறது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பொருட்கள் அந்த விதையில் இருக்கின்றன. (தெளிந்த தண்ணீர் எல்லாம் கிருமியற்ற தண்ணீர் அல்ல; அதற்குக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.)

நெல்லி இன்னொன்று. நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். உவர்ப்பு குறையும் என்று நம்பி நெல்லிக் கட்டையைக் கிணற்றில் போடுவதும் உண்டு.

வெட்டிவேரைத் துணியில் முடிந்து பானைக்குள் போடுவது இன்னொரு வழக்கம். பானை குளிர்வதற்குக் காரணம் எளிது. மண்ணின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் வெளியே ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருந்தால் இது நன்றாக வேலை செய்யும். அதனால் கடலோரச் சென்னையைவிட மதுரைக்குப் பானை அதிகம் பொருந்தும். பக்கத்திலேயே மானாமதுரை வேறு இருக்கிறது! அந்த ஊர் மண்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தண்ணீர்ப் பந்தல்

வீட்டுப் பானை எப்போது தெருவுக்கு வந்தது? பெரிய புராணத்தில் அப்பூதி அடிகள் வரலாறு நல்ல சாட்சி. தஞ்சைப் பகுதியில் உள்ள திங்களூரில் வாழ்ந்த அவர், தான் நேரில் பார்த்தேயிராத திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைப் பாடுகிறார். வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுப்பது அன்றே பெரிய தர்மம்.

மதுரைக்கு வந்தால், 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளை மறக்க முடியாது. சாலைகள், சாலையோர மரங்கள், சத்திரங்கள், தண்ணீர்ப் பந்தல்கள் என்று வழிநடைக்காரர்களுக்காக அவர் செய்தவற்றை மக்கள் இன்றும் சொல்கிறார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது.

ஆனால் பந்தலின் உச்சம் சித்திரைத் திருவிழாதான். மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் ஒரே மாதத்தில் சேர்த்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பது மரபு. அழகர்மலையில் இருந்து வைகை வரை சுமார் 20 கிலோமீட்டர். சித்திரை வெயிலில் அந்த வழி நெடுக மண்டகப்படிகள், ஆட்டுத்தோல் பையில் இருந்து தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள், லட்சக்கணக்கில் ஜனம். நடப்பவர்கள் மயங்கி விழாமல் இருப்பதற்கு நீர்மோரும் பானகமும் வேண்டும். தெருத்தெருவாக அண்டாவில் கரைத்து, கேட்காமலேயே கையில் கொடுப்பார்கள். காசு கிடையாது.

யாருக்குக் கிடைத்தது?

இங்கே ஒரு கசப்பையும் சொல்லத்தான் வேண்டும். தண்ணீர் தர்மம் பழையது. தண்ணீரில் தீண்டாமையும் பழையது. பொதுக் கிணற்றில் இறங்கக் கூடாது, பாத்திரத்தைத் தொடக் கூடாது, உயரத்தில் இருந்து ஊற்றுவதைக் கை குவித்துக் குடிக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு பகுதி மக்களுக்கு விதி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து ரயில் நிலையங்களிலோ இந்துவுக்கு ஒரு தண்ணீர், முஸ்லிமுக்கு ஒரு தண்ணீர்! 1927-ல் மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் அம்பேத்கர் நடத்திய போராட்டமே ஒரு பொதுக்குளத்தில் தண்ணீர் குடிக்கும் உரிமைக்காகத்தான்.

மதுரையில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நுழைந்தார்கள். கோவில் திறந்த பிறகும் மதுரை வட்டாரக் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை பல ஆண்டுகள் நீடித்தது. ஆகவே 'எல்லோருக்கும் தண்ணீர்' என்பது பழம்பெருமையாகத் தானாக வந்துவிடவில்லை. 'எல்லோருக்கும்' என்ற சொல்லுக்காகச் சண்டை போட வேண்டியிருந்தது.

சர்பத், சோடா, கோலா

வேறு திசையில் இருந்தும் சுவை வந்து சேர்ந்தது. 'சர்பத்' அரபு, பாரசீக மொழிகளின் வழியே வந்த சொல். அந்தப் பெயரும் நம் மலைகளில் கிடைக்கும் நன்னாரி வேரும் எலுமிச்சையும் கலந்ததுதான் நன்னாரி சர்பத். அதே நன்னாரி பாலோடும் பாதாம் பிசினோடும் கூடினால் ஜிகர்தண்டா! கோலி சோடாவும் நுழைந்தது. விருதுநகரில் 1916-ல் காளிமார்க் தொடங்கியது. பின்னாளில் வந்த அதன் பொவண்டோவைத் தெரியாதவர் உண்டா?

இந்தக் கடை பானங்களுக்குப் பின்னால் மறுபடி தண்ணீர்க் கேள்விதான் நின்றது. 2016 நவம்பரில் தாமிரபரணித் தண்ணீரைக் குளிர்பான ஆலைகளுக்குக் கொடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 2-ல் அந்தத் தடை நீங்கியது. அதற்கு முதல் நாள், மார்ச் 1 முதல், பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்திருந்தன. 'யார் தண்ணீரை யார் விற்பது' என்று கடைக்காரர்களே கேட்டார்கள்.

வீட்டில் செய்து பார்க்க

பானகம்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 100 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள் (மண் இருக்கும்). ஒரு எலுமிச்சையின் சாறு, அரை ஸ்பூன் சுக்குப்பொடி, தட்டிய ஏலக்காய் மூன்று, ஒரு சிட்டிகை உப்பு. எலுமிச்சைக்குப் பதில் கொஞ்சம் புளியும் கரைக்கலாம். வெல்லமும் சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவர்கள் கவனம்!

வெட்டிவேர்த் தண்ணீர்: ஒரு கைப்பிடி வேரை நன்றாக அலசி, வெள்ளைத் துணியில் கட்டி, இரவு பானையில் போடுங்கள். காலையில் மணக்கும். வேரை வெயிலில் காயவைத்து மறுபடி உபயோகிக்கலாம்.

பழத்தண்ணீர்: எலுமிச்சையோ ஆரஞ்சோ, தோலைத் தேய்த்துக் கழுவி நறுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்து அன்றே குடித்துவிடுங்கள். இதில் இறங்கும் சத்து மிகக் கொஞ்சம். லாபம் என்னவென்றால், சுவைக்காக இன்னும் இரண்டு டம்ளர் தண்ணீர் உள்ளே போகும். சர்க்கரையும் இல்லை.

முடிவாக...

இத்தனை நூற்றாண்டுகளில் பாதிரிப்பூ போய் வெள்ளரித் துண்டு வந்திருக்கிறது. பரவாயில்லை, சுவை காலத்துக்குக் காலம் மாறும். ஆனால் தண்ணீரை பாட்டிலில் காசு கொடுத்து வாங்குவது சகஜமாகிவிட்ட காலத்தில், வாசலில் ஒரு பானையும் டம்ளரும் வைப்பது சின்ன விஷயம் இல்லை. கூரியர் பையனும் குப்பை வண்டி அக்காவும் அதே டம்ளரில் குடிக்க வேண்டும், அதுதான் முக்கியம். அதில் ஒரு எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் இன்னும் விசேஷம்.