பேயும் துப்பறிவாளரும்



தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்குப் பேய்க் கதை புதிதல்ல. மாலையில் நாலு பேர் வாசலில் கூடினால், முனி உலாவும் மரத்தைப் பற்றியோ, ஆற்றங்கரையில் கேட்ட கொலுசுச் சத்தத்தைப் பற்றியோ ஒரு பேச்சு எழாமல் போனதில்லை. அந்தக் கதையில் “யார் செய்தது?” என்று கேட்டால் “பேய்தான்” என்று சொல்லி முடித்துவிடலாம். துப்பறியும் கதையில் அப்படி முடித்தால், படிப்பவர் புத்தகத்தைத் தூக்கி வீசிவிடுவார். ஆனாலும் பேயை ஒதுக்கிவிட்டுத் துப்பறியும் கதை வளரவில்லை. இந்த இரண்டும் எப்படி உறவாடின என்பதை இன்று பார்ப்போம்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1764-ல் ஹோரஸ் வால்போல் என்பவர் ஒட்ரான்டோ கோட்டையைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். வானத்திலிருந்து ராட்சதத் தலைக்கவசம் விழுந்து மணமகன் நசுங்கிச் சாகிறான். அது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. அது மாயம், அவ்வளவுதான். முப்பது ஆண்டு கழித்து, 1794-ல், ஆன் ராட்கிளிஃப் என்ற பெண்மணி எழுதிய ‘உடால்போவின் மர்மங்கள்’ வெளிவந்தது. அதில் கதாநாயகி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். அவள் கண்டது என்ன என்பதைப் பல நூறு பக்கம் தள்ளித்தான் ஆசிரியை சொல்கிறார்: அது பிணமல்ல, மெழுகால் செய்த உருவம். அச்சத்தை முதலில் கொடுத்து, காரணத்தைப் பிறகு கொடுப்பது என்ற வழக்கத்தைப் பலரும் அவரிடமிருந்தே கற்றார்கள்.

அமெரிக்கரான எட்கர் ஆலன் போ 1841-ல் எழுதிய கதையைத்தான் முதல் துப்பறியும் கதை என்று பலரும் சொல்வார்கள். பாரிஸ் நகரில் உள்ளே தாழிட்ட அறையில் இரண்டு பெண்கள் கொல்லப்படுகிறார்கள். மனிதனால் முடியாத பலம், யாருக்கும் புரியாத மொழியில் குரல். பேய் என்று சொல்லத்தான் தோன்றும். கடைசியில் வந்து நிற்பதோ, ஒரு மாலுமி போர்னியோவிலிருந்து பிடித்து வந்த ஓராங் ஊத்தான்! நமக்குப் பக்கத்துக் காட்டுப் பிராணிதான் பாரிஸ் நகரத்துப் போலீசாரைத் திகைக்க வைத்தது.

அடுத்து நம் நாட்டவர் சம்பந்தப்பட்ட கதை. வில்கி காலின்ஸ் 1868-ல் எழுதிய ‘சந்திரக்கல்’. 1799-ல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது, ஓர் ஆங்கில அதிகாரி காவலர்களைக் கொன்று, முன்பு ஒரு தெய்வத்தின் நெற்றியில் பதித்திருந்த மஞ்சள் வைரத்தைத் திருடுகிறான். அதைத் தேடி மூன்று பிராமணர்கள் வித்தைக்காரர்கள் வேடத்தில் இங்கிலாந்துக்கே வந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரச் சிறுவனின் உள்ளங்கையில் மையை ஊற்றி, “என்ன தெரிகிறது?” என்று கேட்கிறார்கள். மை போட்டுப் பார்ப்பது நமக்குத் தெரிந்த சங்கதிதானே! ஆனால் கதையின் முடிச்சை மை அவிழ்க்கவில்லை. வைரம் காணாமற்போன இரவில் அதை எடுத்தவன் யார் என்றால், திருடனைத் தேடி அலைந்த அதே இளைஞன். அவனுக்குத் தெரியாமல் ஒருவர் அபினி கலந்து கொடுத்திருந்தார். தூக்கத்தில் நடந்து எடுத்திருக்கிறான். காலின்சும் வலிக்காக அபினி மருந்து குடித்தவர். அதன் வேலை அவருக்கு நன்றாகத் தெரியும். வைரத்தைச் சுற்றி ஒரு சாபம் இருப்பதாகக் கதையில் பேச்சு நடக்கிறது. சாபம் என்ன சாபம்? பறிகொடுத்தவன் தன் பொருளைத் திரும்பக் கேட்டு வருகிறான்.

இனி ஆர்தர் கோனன் டாய்ல். ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரைப் படைத்த இந்த மருத்துவர், 1901 ஆகஸ்டு முதல் 1902 ஏப்ரல் வரை ஒரு மாத இதழில் ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ என்ற தொடர்கதையை எழுதினார். டார்ட்மூர் என்ற சதுப்பு நிலத்தில் ஒரு பழைய குடும்பம். முன்னோன் ஒருவன் ஒரு பெண்ணைக் கடத்திய பாவத்துக்காக, நெருப்பைக் கக்கும் நாய் அந்தக் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் துரத்துகிறதாம். வீட்டுப் பெரியவர் அச்சத்தில் மாரடைத்து இறந்து கிடக்கிறார். அருகில் பெரிய நாயின் காலடித் தடம்.

இந்த இடத்தில்தான் டாய்லின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க வேண்டும். வாரிசாக வந்த இளைஞர் லண்டன் ஹோட்டலில் தங்கியிருக்கும்போது, அவருடைய புதுச் செருப்பு ஒன்று காணாமற்போகிறது. பிறகு அது திரும்பி வருகிறது. பழைய செருப்பு ஒன்று போய்விடுகிறது. எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. ஹோம்சுக்குச் சிரிப்பு வரவில்லை. புதுச் செருப்பில் மனித வாடை இருக்காது, பழையதில் இருக்கும். மோப்பம் பிடிக்க வாடை வேண்டும் என்றால், அது உண்மையான நாய். பேய் நாய்க்குச் செருப்பு எதற்கு? அந்த நொடியிலேயே பேய் செத்துவிட்டது. ஆனால் படிப்பவருக்கு அதைச் சொல்லாமல், கடைசிவரை நெஞ்சு படபடக்க ஓடவிடுகிறார் ஆசிரியர். சொத்துக்கு ஆசைப்பட்ட ஒரு உறவினன்தான் நாயை வளர்த்தவன். ஊரார் நாயின் ஊளையைக் கேட்டாலும் கிட்டே போய் விசாரிக்கமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அவர்களுடைய பயம்தான் அவனுக்கு வேலி.

நாயின் வாயில் நெருப்பு போலத் தெரிந்தது பாஸ்பரஸ் பூச்சு. மழைக்காலத்தில் பட்டுப்போன மரத்தில் பச்சையாக மினுங்கும் காளானைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு, இருட்டில் தானாக ஒளிரும் பொருள் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மெய்யான பாஸ்பரஸை நாயின் மூஞ்சியில் பூசினால் நாய் பிழைக்காது. அந்தக் காலத்து லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸோடு வேலை செய்தவர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. 1888-ல் அங்கே தீப்பெட்டித் தொழிலாளப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த நோயும் வெளிச்சத்துக்கு வந்தது. மருத்துவரான டாய்லுக்கு அது தெரியாமலா இருக்கும்? கதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டார் போலும்.

வேடிக்கை என்னவென்றால், ஹோம்சைக் கொண்டு பேயை விரட்டிய டாய்ல், ஆவிகளை மனதார நம்பியவர். 1893-லேயே ஆவி ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். இறந்தவர்களோடு பேச முடியும் என்று 1916-ல் பகிரங்கமாக அறிவித்தார். மகன் இறந்த துக்கத்தில்தான் அப்படி மாறினார் என்று பலர் சொல்வார்கள். மகன் கிங்ஸ்லி இறந்தது 1918 அக்டோபரில். நம்பிக்கை அதற்கு முந்தியது. துக்கம் அதை ஆழமாக்கியது. சில மாதத்தில் தம்பியும் போய்விட்டார். முதல் உலகப் போரில் பிள்ளைகளை இழந்த இலட்சக்கணக்கான வீடுகளில், ஒரு முறையாவது அந்தக் குரலைக் கேட்க மாட்டோமா என்ற ஏக்கம் இருந்தது. டாய்ல் அவர்களுக்காக நாடு நாடாகப் போய்ப் பேசினார். அவரை ஏமாளி என்று சிரிப்பது எளிது, நான் சிரிக்கமாட்டேன்.

ஆனால் ஹோம்சை மட்டும் அவர் மாற்றவில்லை. 1924-ல் வந்த ‘சசெக்ஸ் இரத்தக்காட்டேரி’ கதையைப் பாருங்கள். பெரு நாட்டிலிருந்து வந்த இளம் தாய், தன் கைக்குழந்தையின் கழுத்தில் வாய் வைத்து இரத்தம் உறிஞ்சுவதை வேலைக்காரி பார்த்துவிடுகிறாள். அயல்நாட்டுக்காரி, இரத்தக்காட்டேரி என்று கணவனுக்கே சந்தேகம். ஹோம்ஸ் ஆவிக்கு இடம் தர மறுத்துவிட்டுக் கண்டுபிடிக்கிறார்: கணவனின் மூத்த தாரத்து மகன் பொறாமையால் குழந்தையை விஷ அம்பால் குத்தினான், தாய் அந்த விஷத்தைத்தான் உறிஞ்சித் துப்பினாள். மகனைக் காட்டிக்கொடுத்தால் கணவன் மனம் உடையும் என்று பழியைத் தாங்கிக்கொண்டு அறையில் கிடந்தாள். ஆவியை நம்பியவர் எழுதிய கதை இது!

1929-ல் ரொனால்டு நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். அவற்றில் ஒன்று, அமானுஷ்ய சக்தி எதுவும் விடை சொல்லக் கூடாது என்பது. கடவுளை நம்பும் பாதிரியாரே இதைச் சொன்னார். ஏனென்றால் படிப்பவரும் விடையைத் தேடுகிறார், அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். எல்லோரும் இதற்குப் பணியவில்லை. 1937-ல் ஜான் டிக்சன் கார் எழுதிய ஒரு நாவல், எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிட்டு, கடைசிப் பக்கங்களில் சூனியக்காரி உண்மையாகவே இருக்கலாம் என்று வாசகரை நடுங்க வைக்கிறது.

டாய்ல் தம் வாழ்க்கையில் ஹோம்சின் கண்ணைப் பயன்படுத்தவில்லை. 1922-ல் வித்தைக்காரர் ஹூடினிக்கு, இறந்துபோன அவருடைய தாயின் செய்தி என்று டாய்லின் மனைவி பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஆங்கிலம், தலைப்பில் சிலுவைக் குறி. ஹூடினியின் தாயோ யூதப் பெண்மணி, ஆங்கிலத்தில் எழுதத் தெரியாதவர். நட்பு அதன் பிறகு முறிந்தது.

காட்டிங்லி கிராமத்தில் 16 வயது எல்சியும் 9 வயது பிரான்சிஸும் 1917-ல் தேவதைகளோடு எடுத்த புகைப்படங்களையும் டாய்ல் உண்மை என்று நம்பி, 1922-ல் ஒரு நூலே எழுதினார். அவர் 1930-ல் காலமானார். 1983-ல், பாட்டிகளாகிவிட்ட அந்த இருவரும் ஒப்புக்கொண்டார்கள்: அட்டையில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியவை. கடைசிப் படம் ஒன்று மட்டும் உண்மை என்று பிரான்சிஸ் சாகும்வரை சாதித்தார். தேவதைகளை எல்சி பார்த்து வரைந்தது, 1914-ல் வந்த ஒரு பரிசுப் புத்தகத்துப் படத்தைப் பார்த்து. அதே புத்தகத்தில் டாய்ல் எழுதிய கதையும் ஒன்று அச்சாகியிருந்தது.