லயத்து நாயின் வரலாறு

இலங்கைத் தோட்டப்புற வரலாற்றை எழுதப் புகுந்தோர் துரைமாரைப் பற்றியும் கங்காணிமாரைப் பற்றியும் தொழிலாளரைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். லயத்து இஸ்தோப்பிற் படுத்துக் கிடந்த நாயைப் பற்றி எழுதியோர் அரியர். ஆயினும் சப்பிரகமுவ மலைச்சாரலில், களனி கங்கைக் கரையிலமைந்த கித்துல்கல போன்ற இடங்களிலே குடும்ப நாயாகப் பெரிதும் வளர்க்கப்பட்டு வருவது நாட்டு நாயேயாகும். அதன் குலவரலாறு, பங்களாக்களில் வளர்ந்த சாதி நாய்களின் குலவரலாற்றினும் மிகப் பழைமையானது.

கித்துல்கலையிலுள்ள பெலிலென குகையில் 1970களின் இறுதியில் தொடங்கிய அகழ்வுகள், இற்றைக்கு 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மனிதர் வாழ்ந்தமையை வெளிப்படுத்தின. குரங்கு, அணில் முதலியவற்றை வேட்டையாடி வாழ்ந்த அம்மக்கள் தொலைவிலுள்ள கடற்கரையிலிருந்து உப்பும் பெற்றிருந்தனர். நாய் பற்றிய சான்று வேறிரு இடங்களிற் கிடைத்துள்ளது. பெல்லன்பெந்தி பெலஸ்ஸவிலும் நில்கல குகையிலும் கண்டெடுக்கப்பட்ட நாயெலும்புகள் ஏறத்தாழ கி.மு. 4500ஐச் சேர்ந்தவை என்பர். வேட்டை விலங்கை விரட்டுதற்கு அக்காலத்தவர் நாயைப் பழக்கியிருக்கலாம் என்பது தொல்லியலாளர் கருத்து. மகாவம்சத்திலும் விசயனின் தோழர்முன் ஓர் இயக்கி நாயுருவில் தோன்றுகிறாள். ஊர் இருந்தாலன்றி நாய் இராது எனத் துணிந்து அவர்களுள் ஒருவன் அதன்பின் செல்கிறான். கதை எத்தகையதாயினும், நாயைக் குடியிருப்பின் அடையாளமாகக் கொண்ட அவ்வெண்ணம் கவனிக்கற்பாலது.

தோட்டங்களுக்கு வந்த தமிழரும் இவ்வுறவை அறிந்தே வந்தனர். சங்கச் சான்றோர் ஞமலி என வழங்கிய விலங்கிற்கு, பல்லவ மகேந்திரவர்மன் காலத்தில் நடுகல்லிலும் இடம் கிடைத்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரிலுள்ள 7ஆம் நூற்றாண்டுக் கல்லொன்றில், கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கருகே அவனது நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் அக்கல்வெட்டே கூறுகின்றது. அடியார்கள் தம்மை ‘நாயேன்’ எனத் தாழ்த்திப் பாடிய மொழியிலேயே இச்சிறப்பும் உண்டு!

வெள்ளையராட்சியில் நாய்கள் இரு வகுப்பாயின. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், மரை வேட்டைக்கென இங்கிலாந்திலிருந்து நாய்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்தார். கில்பக், சிமட் என அவருடைய வேட்டை நாய்களின் பெயர்களும் வீரச் செயல்களும் அவர் நூலிற் பக்கம் பக்கமாக இடம்பெற்றன. லயத்து நாய்க்கோ ஏட்டில் இடமில்லை. அது சட்டத்தில் மாத்திரம் இடம்பெற்றது. 1893இன் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டமும் 1901இன் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் கட்டாக்காலி நாய்களையும் பதிவில்லா நாய்களையும் பிடித்துக் கொல்ல வழிவகுத்தன. நோயச்சம் நியாயமானதே, நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. எனினும் ஒரு லயத்தில் நாலு வீட்டார் சோறிட, இறப்பர் மரத்திற் பால் வெட்டப் புறப்படுவோரோடு விடியுமுன் கூடச் சென்ற நாய் எவருக்குரியது? பதிவேடு அறிந்த உடைமை வேறு, லயம் அறிந்த உடைமை வேறு.

கொலையால் நோய் ஒழியவில்லை. 1973இல் மாத்திரம் இலங்கையில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் மாண்டனர். 1975இலிருந்து நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி ஏற்றப்பட்டதன் பின்னரே இத்தொகை படிப்படியாக வீழ்ந்து, அண்மைக் காலத்தில் ஐம்பதிற்கும் கீழ் வந்தது. கொல்லப்பட்ட நாயின் இடத்திற்கு ஊசி பெறாத வேறொரு நாய் வந்து சேரும். ஊசி பெற்ற நாயோ தன்னிடத்தைக் காத்து நிற்கும். நாய்களுள் நூற்றுக்கு எழுபது பங்கிற்கு ஊசி ஏற்றப்படின் நோய் பரவும் வழி அறுபடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கொல்லும் வழக்கை நிறுத்தும் கொள்கையை அரசு 2006இல் மேற்கொண்டது. ஒரு நூற்றாண்டு தாமதமான அறிவென்றே இதனைக் கூறவேண்டும்.

நாட்டு நாய் நடுத்தர உடலும் குட்டை மயிரும் மேல்நோக்கி வளைந்த வாலும் கொண்டது. செம்மஞ்சளோ கபிலமோ நிறமாகும். வெப்பத்தையும் எளிய உணவையும் தாங்கும். வீட்டாரிடம் சாதுவானது, அயலாரைக் குரைத்தே நிறுத்தும். ஆனால் எதையும் தாங்குமென அதனைப் பேணாது விடுதல் தவறு. மழை மிகுந்த கித்துல்கலையில் அட்டையும் உண்ணியும் சொறியும் அதன் பகைவர். காது மடலையும் விரலிடுக்கையும் நாள்தோறும் பார்த்தல் வேண்டும். வெறுஞ்சோறு போதாது, மீனோ முட்டையோ சிறிது சேர்த்தல் நன்று. சமைத்த கோழியெலும்பு குடலைக் கிழிக்கக்கூடியது. சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் இரவிலே நாயை இஸ்தோப்பிற் சங்கிலியாற் பிணைத்துவிடுதல் அதனை இரையாக வைப்பதற்கு ஒப்பாகும். கதவடைத்த இடமொன்று அதற்கு வேண்டும். தடுப்பூசியை ஆண்டுதோறும் ஏற்றுவிக்கவேண்டும். எந்த நாய் கடித்தாலும் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.