தலஅல் பத்ரு: ஒரு மாணவி கேட்ட கேள்வி



மீலாத் நிகழ்ச்சிக்காக பிள்ளைகளுக்கு 'தலஅல் பத்ரு' பைத்தைப் பழக்கிக்கொண்டிருந்தேன். நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தபோது பாடப்பட்டது என்று வழமைபோலச் சொன்னேன். அதில் பூரணச் சந்திரன் தோன்றும் இடமாக வருவது ஸனிய்யதுல் வதா. 'விடைபெறும் கணவாய்' என்று கருத்துச் சொன்னதும் தரம் 8 மாணவி ஒருவர் கேட்டார்: "வரவேற்கிற பாட்டில் ஏன் சேர் விடைபெறுகிற இடம் வருது?"

அதற்குப் பதில் இலகு. அது ஊர்ப் பெயர் மாதிரி. பயணம் போவோரை மதீனாவாசிகள் அதுவரை கூடப்போய் வழியனுப்புவார்கள். ஆனால் அவருக்குக் காட்டுவதற்காக வரைபடத்தை விரித்தபோதுதான் எனக்கே சிக்கல் விளங்கியது.

மக்கா இருப்பது மதீனாவுக்குத் தெற்கே. 622இல் நபியவர்கள் முதலில் தங்கிய குபாவும் தெற்கே. பிரபலமான ஸனிய்யதுல் வதாவோ வடக்கே, ஷாம் செல்லும் பாதையில்!

இதை நமக்கு முன்பே கவனித்தவர் இமாம் இப்னுல் கையிம் (மறைவு 1350). மக்காவிலிருந்து வருபவர் அந்தக் கணவாயைக் காணவே மாட்டார். எனவே இது ஹிஜ்ரி 9இல், வடக்கேயுள்ள தபூக்கிலிருந்து திரும்பியபோது நடந்தது என்று 'ஸாதுல் மஆத்' நூலில் எழுதினார். தபூக்கிலிருந்து திரும்பிய நபியவர்களை வரவேற்க சிறுவர்களோடு ஸனிய்யதுல் வதாவுக்குப் போனதை ஸாஇப் இப்னு யஸீத் (ரழி) நினைவுகூர்வது புகாரியிலேயே உள்ளது. ஆனால் அதில் இந்தப் பாட்டு இல்லை.

மக்கா பக்கமும் அப்பெயரில் ஒரு கணவாய் இருந்தது என்போரும் உண்டு. எனினும் ஹிஜ்ரத்தோடு பாட்டை இணைக்கும் செய்தியை இமாம் பைஹகீ பதிந்திருப்பது, ஹிஜ்ரி 228இல் மறைந்த இப்னு ஆயிஷா வழியாக. அவருக்கும் சம்பவத்துக்கும் இடையில் அறிவிப்பாளர்கள் விடுபட்டிருக்கிறார்கள். அதனால் ஹதீஸ் கலை அறிஞர்கள் அதைப் பலவீனமானது என்றனர்.

பைத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. மதீனாவாசிகள் அன்று மகிழ்ந்ததுபோல் வேறு எதற்கும் மகிழ்ந்து தான் கண்டதில்லை என்று பராஉ (ரழி) சொல்வது புகாரியில் ஸஹீஹாக உள்ளது. அந்த மகிழ்ச்சி உறுதியானது. பாட்டு எப்போது பாடப்பட்டது என்பதே உறுதியில்லை.

மறுநாள் வகுப்பில், "நேற்று உறுதியாகச் சொன்னது என் பிழை" என்று திருத்தினேன். நபியவர்களைப் பற்றிப் பேசும்போது தெரிந்த அளவோடு நிற்பதும் அவர்கள் மீதான அன்புதானே?